எட்யூட்: வர்ணம் கேட்டவர்களுக்கு ஒரு அறிமுகம்

பிரெஞ்சு மொழியில் 'எட்யூட்' என்றால் படிப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் படிக்கச் சொல்கிற நேரத்துக்கும் அதே பேர்தான். பத்திரம் பதிகிற நோத்தேரின் அலுவலகத்துக்கும் அதே பேர்தான். புதுச்சேரிக்காரர்கள் காதில் இதில் ஏதாவது ஒன்று விழுந்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருக்கு. வாத்தியத்துக்கு, முக்கியமாகப் பியானோவுக்கு, எழுதின பயிற்சிப் பாடம். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. பயிற்சிப் பாடத்தை யாராவது டிக்கெட் வாங்கிக் கேட்பார்களா? ஆனால் ஷோப்பனின் எட்யூட்களை உலகம் முழுக்க அப்படித்தான் கேட்கிறார்கள். மேடையில் வாசிக்கிறார்கள், இசைத்தட்டு போடுகிறார்கள், கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். விரலுக்கான உடற்பயிற்சி எப்படி அழவைக்கும்?

பாதி பதில் நம்மிடமே இருக்கு. சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் பாட்டு வகுப்போடு நின்றுவிடும், மேடைக்கு வராது. வர்ணம் வரும். வர்ணமும் சாதகத்துக்கு உண்டானதுதான். முதல் காலம், இரண்டாம் காலம் என்று வேகம் மாற்றி, தொண்டையோ விரலோ பழகும்வரை திரும்பத் திரும்பப் பாடி வாசிக்க வேண்டியது. அதே வர்ணத்தைத்தான் வித்வான் கச்சேரியின் முதல் உருப்படியாக எடுக்கிறார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்திலிருந்து அது கச்சேரி வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

பச்சிமிரியம் ஆதியப்பய்யாவின் பைரவி அட தாள வர்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'விரிபோணி' என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர், சியாமா சாஸ்திரிக்கே குரு. பைரவியில் இரண்டு தைவதம் வரும், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. எந்த இடத்தில் எது, எந்த ஸ்வரத்தை அசைக்கணும், எதை லேசாகத் தொட்டுவிட்டுப் போகணும் என்று சட்டமாகச் சொன்னால் பத்து பக்கம் ஆகும். அந்த வர்ணத்தை ஒழுங்காகப் பாடம் பண்ணினவருக்கு அந்தப் பத்து பக்கமும் தேவையில்லை. அதில் சாகித்யமும் ரொம்பக் கொஞ்சம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உயிரெழுத்தை இழுத்து இழுத்து ராகம் முழுக்கச் சுற்றி வருவோம். அதைப் பாடுகிறவர் சாதகம் பண்ணுகிறாரா, பாடுகிறாரா? பிரித்துச் சொல்ல முடியாது.

எட்யூட்டும் இந்த ஜாதிதான், ஒரு பெரிய வித்தியாசத்தோடு. வர்ணம் பழக்குவது ராகத்தை. எட்யூட் பழக்குவது கையை. உடம்புக்கு வருகிற ஒரே ஒரு கஷ்டத்தை எடுத்துக்கொண்டு, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். மூன்று நிமிஷம், ஒரே சிக்கல். அந்தச் சிக்கலிலிருந்து ஒரு கவிதை வருமா என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவில் சிலர் எடுத்துக்கொண்ட சவால்.

அதற்கு முன்னாடி நிலைமை வேறே. பியானோ அப்போதுதான் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாத்தியமும் மாறிக்கொண்டிருந்தது. 1821-ல் எரார் ஒரு புதுப் பொறிமுறையைக் கொண்டுவந்தார். அழுத்தின கட்டை முழுசாக மேலே வருவதற்கு முன்பே அதை மறுபடி அடிக்கலாம். அதனால் வேகம் கூடியது. (கட்டை என்று நான் சொல்வது விரலால் அழுத்துகிற சாவியைத்தான். ஆர்மோனியப் பெட்டியிலிருந்து நமக்கு வந்த சொல். 'ஒரு கட்டை, ரெண்டு கட்டை ஸ்ருதி' என்று பாடகர்கள் சொல்வதும் அங்கிருந்துதான்.) வேகம் கூடினதும் விரலைத் தயார் பண்ணுகிற புத்தகங்களும் குவிந்தன. கிளெமென்டி 1817-க்கும் 1826-க்கும் நடுவில் நூறு துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பைப் போட்டார். கிராமர் போட்டார். பீத்தோவனின் மாணவர் செர்னி போட்டுக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் பியானோ படிக்கிற பிள்ளைகள் செர்னி பேரைக் கேட்டால் முகம் சுளிக்கும்.

புத்தகத்தோடு நிற்கவில்லை. கை அசையாமல் பிடித்துவைக்கக் கட்டைச் சட்டம் எல்லாம் செய்து விற்றார்கள். லோஜியர் என்பவர் 1814-ல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பாரிஸின் பெரிய வாத்தியாரான கால்க்பிரென்னர் அதையே எளிமைப்படுத்தி, மணிக்கட்டைத் தாங்குகிற ஒரு தண்டாக ஆக்கினார். சட்டத்தில் கையை வைத்து விரலை ஓட்டும்போது பக்கத்தில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கலாம் என்பது அவருடைய ஆலோசனை. விரலுக்கு வேலை, மூளைக்கு லீவு! இதற்கெல்லாம் பின்னால் ஒரே எண்ணம்தான் இருந்தது. ஐந்து விரலும் ஒரே பலமாக, ஒரே மாதிரி ஆக வேண்டும்.

1831-ல் போலந்திலிருந்து பாரிஸுக்கு வந்து சேர்ந்த ஷோப்பனுக்கு வயசு 21. இதே கால்க்பிரென்னர் அவரிடம், என்னிடம் மூன்று வருஷம் படி, அப்புறம்தான் முழுக் கலைஞன் ஆவாய் என்றார். ஷோப்பன் அவரை ரொம்பவே மதித்தார். பின்னால் தன் கான்செர்டோ ஒன்றை அவருக்குச் சமர்ப்பணமும் பண்ணினார். ஆனால் படிக்கப் போகவில்லை. வார்சாவில் இருக்கும்போதே, 1829 வாக்கில், எட்யூட்களை எழுத ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டு கொண்ட முதல் தொகுதி 1833-ல் அச்சில் வந்தது, அடுத்த பன்னிரண்டு 1837-ல்.

அவர் கடைசிக் காலத்தில் பியானோ பாடமுறை பற்றி ஒரு புத்தகம் எழுத நினைத்து, முடிக்காமல் சில தாள்களை விட்டுவிட்டுப் போனார். என்னைக் கேட்டால் எட்யூட்களைத் திறக்கிற சாவி அந்தத் தாள்களில்தான் இருக்கு. விரல்களை ஒரே பலமாக்க இத்தனை நாளாகப் பாடுபட்டது இயற்கைக்கு விரோதம் என்கிறார். ஒவ்வொரு விரலும் வேறு மாதிரிப் படைக்கப்பட்டிருக்கு. கட்டைவிரல் கனம், சுண்டுவிரல் இன்னொரு கோடி, மோதிரவிரல் எல்லாவற்றிலும் பலவீனம். அந்த வித்தியாசத்தை அழிக்காதே, அதிலிருந்துதான் நாதத்தின் வண்ணங்கள் வரும் என்பது அவர் கட்சி.

எல்லாரும் வெள்ளைக் கட்டைகளில் ச ரி க ம ப என்று ஆரம்பிக்கவைப்பார்கள். இவர் மாணவர் கையை வைக்கச்சொன்ன இடம் வேறே. கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில், நீளமான மூன்று நடுவிரலும் கறுப்பில். கை தானாக வளைந்து உட்காருகிற இடம் அது. அந்த ஐந்து ஸ்வரத்தை, கட்டைவிரல் இருக்கிற இடத்தை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். கல்யாணியின் ச ரி க ம ப! தற்செயல்தான், அதற்குமேல் அர்த்தம் தேட வேண்டாம். எனக்கு அதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷமாக இருந்தது, அவ்வளவே.

இப்போது எட்யூட்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் சொன்னால் பட்டியல் ஆகிவிடும். எனக்குப் பிடித்த நாலைந்து மட்டும்.

முதல் தொகுதியின் இரண்டாவது. பியானோ வாசிப்பவர்கள் பயப்படுகிற துண்டு. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும், அதாவது பலவீனமான பக்கம், அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருக்கணும். அதே கையின் மிச்ச இரண்டு விரலும் கீழே சின்னச் சின்ன மீட்டு போடணும். இங்கே விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று தாண்டித்தான் போக முடியும். கட்டைவிரலைக் கீழே நுழைத்துத் தப்பிக்க வழியில்லை, அதற்கு வேறு வேலை கொடுத்தாச்சு. இதைச் சத்தமாக வாசிக்கவே முடியாது, விரலில் அந்தப் பலம் இல்லை. அதனால் காதில் விழுவது ஒரு கிசுகிசுப்பு. காய்ந்த சருகைக் காற்று தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. பலவீனமான விரலைப் பலமாக்க எழுதினதல்ல இது, அந்தப் பலவீனத்திலிருந்தே ஒரு ஒலியை எடுத்திருக்கார்.

அடுத்தது மூன்றாவது. சினிமா, தொலைக்காட்சி மூலமாக நிறையப் பேர் காதில் விழுந்திருக்கும். 'சோகம்' என்று பேர் வைத்துவிட்டார்கள், அந்தப் பேர் ஷோப்பன் வைத்ததில்லை. இது மெதுவாகப் போகும், பயிற்சி மாதிரியே தெரியாது. கஷ்டம் எங்கே என்றால், ஒரே கை இரண்டு ஆளாக இருக்கணும். வலது கையின் வெளிப்பக்கத்து விரல்கள் ஒரு நீளமான பாட்டைப் பாடணும், உள்பக்கத்து விரல்கள் அதற்கு அடங்கி ஊசலாடிக்கொண்டே இருக்கணும். பாடுவது மறுபடியும் பலவீனமான விரல்தான்! ஒரு சங்கதி: கைப்பிரதியில் ஷோப்பன் முதலில் இதற்கு 'விவாசே', அதாவது துடிப்பான வேகம் என்று குறித்தார். அப்புறம் 'ரொம்ப வேண்டாம்' என்று சேர்த்தார். அச்சில் வரும்போது 'லென்டோ', மெதுவாக, என்று ஆகிவிட்டது. எழுதினவருக்கே தன் பாட்டின் சரியான காலப்பிரமாணம் கிடைக்க அத்தனை நாள் ஆகியிருக்கு. அப்படியும் இன்றைக்கு மேடையில் பலரும் இதை அவர் நினைத்ததைவிட இழுத்து வாசிக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இரண்டாம் தொகுதியின் ஆறாவது இரட்டை ஸ்வரங்கள். வலது கை ஒரே நேரத்தில் இரண்டு கட்டையை அடித்தபடி, அதுவும் அதிவேகமாக, நடுங்கி ஓடும். மொத்த 24-இலும் இதுதான் கடினம் என்று பலர் சொல்வார்கள். அதன் மேலே ஷோப்பன் எழுதிவைத்த குறிப்பு: 'சோட்டோ வோச்சே', அடங்கின குரலில். இத்தனை கஷ்டப்பட்டுச் செய்வதை யாருக்கும் தெரியாமல் செய்யணும்! நம்ம ஊரில் வேகமாகக் கல்பனாஸ்வரம் பாடிவிட்டு அரங்கத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

இதே தொகுதியின் முதல் எட்யூட்டை ஷோப்பனே வாசிக்க, ஷூமன் கேட்டிருக்கிறார். காற்று பட்டுத் தானாக ஒலிக்கிற யாழ் போல இருந்ததாகவும், அந்தச் சின்ன ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது என்று நினைத்தால் தப்பு என்றும் எழுதினார். பயிற்சிப் பாடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் மணி மணியாக விழணும் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்த காலத்தில் இது தலைகீழ் பேச்சு. ஷூமனுக்கும் அந்தக் காலத்துப் பயிற்சி வெறிக்கும் ஒரு கசப்பான கணக்கு உண்டு. வலது கை விரல் கெட்டு, வாசிப்பாளர் ஆகிற கனவை 20 வயசு தாண்டின கொஞ்சத்திலேயே விட்டவர் அவர். காரணம் என்ன என்று இன்னும் வாதாடுகிறார்கள். எழுத்தும் இசையமைப்பும் மிஞ்சின. 'சிம்ஃபோனிக் எட்யூட்ஸ்' என்று அவரும் ஒரு தொகுப்பு எழுதினார்.

முதல் தொகுதியை ஷோப்பன் சமர்ப்பித்தது ஃபிரான்ஸ் லிஸ்டுக்கு. லிஸ்ட் தன் எட்யூட்களை வாசிக்கிற விதத்தைத் திருடிக்கொள்ளலாமா என்று தோன்றுவதாக ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டிருக்கிறார். லிஸ்டின் வழி வேறு. 1826-ல், 15 வயசுப் பையனாக இருக்கும்போது, செர்னி பாணியில் ஒரு தொகுப்பு எழுதினார். (நம்ம ஊர் பிரெஞ்சு லிசே ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்.) 1837-ல் அதையே எடுத்து, மனுஷன் வாசிக்கவே முடியாத அளவுக்குக் கடினமாக்கினார். 1852-ல் மூன்றாவது முறை வெளியிட்டபோது பல இடங்களில் கஷ்டத்தைக் குறைத்துவிட்டு, பன்னிரண்டில் பத்துக்குத் தலைப்பு வைத்தார். நிலக்காட்சி, பனிப்புயல், மாலைநேர இசை இப்படி. ஊரில் மிகப் பெரிய வித்தைக்காரன் என்று பேர் வாங்கினவர், வயசு ஏற ஏறத் தன் பாடத்திலிருந்து வித்தையைக் கழித்துக்கொண்டே வந்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். சமர்ப்பணம் குருவான செர்னிக்கே.

அதில் ஐந்தாவதின் பேர் 'ஃபே ஃபொலே'. இதை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தால் ஒன்றும் விளங்காது. சதுப்பில் ராத்திரி எரிந்து அணைந்து, கிட்டப் போனால் தள்ளிப்போகிற வெளிச்சம். தமிழில் அதற்கு அழகான பேரே இருக்கு: கொள்ளிவாய்ப் பிசாசு. வலது கை இரட்டை ஸ்வரங்களில் மிக மெல்லிசாகத் துள்ளும், பிடிக்கப் போனால் வேறு இடத்தில் இருக்கும். ஏரிக்கரைப் பக்கம் வளர்ந்தவர்கள் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இனி வேகம். 2019-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டு பறக்கிற இசையை முதலில் வேகமாக வாசித்துவிட்டு, அதைவிட இன்னும் வேகமாக மறுபடி வாசித்தார். அது எட்யூட் இல்லை, ஒரு ஆபெராவுக்காக வாத்தியக்குழுவுக்கு எழுதினது. அந்தப் பையனின் திறமையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, பிரமிப்புதான். அதன்பிறகு தமிழ்நாட்டிலும் இங்கேயும் பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்பில் சேர்க்கிற அப்பா அம்மாக்களின் முதல் கேள்வி 'எவ்ளோ ஸ்பீடா வாசிப்பான்?' என்று ஆகிப்போனதுதான் கஷ்டமாக இருக்கு. வேகம் ஒரு எண். எண்ணை ஒப்பிடுவது சுலபம். மூன்றாவது எட்யூட்டில் சுண்டுவிரல் பாடினதா இல்லையா என்பதை எந்த எண்ணில் சொல்வது?

இங்கே சாரத்தில் எங்கள் தெருவில் ஒரு பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறாள். கிரேடு பரீட்சைக்குத் தயார் பண்ணுகிறாள். போன மாசம் அவள் அம்மா கேட்டார்: "மணிக்கட்டு வலிக்குதுங்கறா தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்து சாதகம் பண்ணா பழகிடுமா?" பழகாதுங்க அக்கா, வலிச்சா நிறுத்தணும், டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. வலி இல்லாமல் வித்தை வராது என்பது நமக்குள் ஊறிப்போன எண்ணம். ஆகவே ஷோப்பனைத் துணைக்கு அழைத்தேன். தன் மாணவி ஒருத்தி தினம் ஆறு மணி நேரம் வாசிக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் பதறிப்போய், மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடுத்தார். மனசு ஒட்டாமல் விரலை மட்டும் ஓட்டுவதை அவர் ஒரு பயிற்சியாகவே மதிக்கவில்லை. வாசிப்பவர்கள் பாடக் கற்றுக்கொள்ளணும், நல்ல பாடகர்களைப் போய்க் கேட்கணும் என்று மாணவர்களைத் தூண்டிக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு இதில் பாதிதான் ஏறியது. ஆனால் மறுவாரம் டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள்.

அந்தப் பொண்ணு வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு, பஞ்சு மாதிரி அமுங்கும். அதில் எட்யூட் பக்கம் போகவே முடியாது. முதல் தொகுதியின் முதல் துண்டுக்கே அந்த அகலம் போதாது. அதைவிட முக்கியம், கட்டைக்கு எடை இல்லாவிட்டால் எந்த விரல் பாடுது, எந்த விரல் அடங்குது என்று கைக்கே தெரியாது. நிஜப் பியானோ வாங்கலாமே என்றால், இந்த ஊர் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், ஸ்ருதி நிற்காது. எடை கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேட்பதற்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஷோப்பனில் இரண்டாம் தொகுதியின் ஏழாவதில் ஆரம்பியுங்கள். இடது கை ஒரு செல்லோ போல அழுது பாடும், வேகம் ஒன்றும் இருக்காது. பிறகு மேலே சொன்ன மூன்றாவது, அப்புறம் ஆறாவது. 'புரட்சி' எட்யூட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வார்சா 1831-ல் ரஷ்யப் படையிடம் விழுந்த கதையோடு சேர்த்தே அதைச் சொல்லிச் சொல்லி, இடது கை அங்கே என்ன செய்கிறது என்பதைக் கேட்கவே விடாமல் செய்துவிட்டார்கள்.

கடைசியாக இன்னொருவர். 1915-ல், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, தெபுஸ்ஸி ஒரு பதிப்பகத்துக்காக ஷோப்பனின் படைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு புற்றுநோயில் கெட்டிருந்தது. அந்தக் கோடையில் பன்னிரண்டு எட்யூட்கள் எழுதி ஷோப்பன் நினைவுக்குச் சமர்ப்பித்தார். எந்த விரலை எங்கே வைக்கணும் என்று ஒரு இடத்திலும் குறிக்கவில்லை. அவரவர் கைக்கு ஏற்றதை அவரவரே தேடிக்கொள்ளட்டும் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். முதல் எட்யூட்டின் பேர் 'ஐந்து விரல்களுக்கு, திருவாளர் செர்னியைப் பின்பற்றி'. நல்ல பிள்ளையாகச் சங்கராபரணத்தில் ச ரி க ம ப ம க ரி ச என்று சரளிவரிசை போல ஆரம்பிக்கும். கொஞ்சம் போனதும் எங்கிருந்தோ ஒரு சுத்த தைவதம் குறுக்கே வந்து விழும். விரல் தவறிவிட்டதோ என்று நினைப்போம். மறுபடி விழும். அப்புறம் பாடம் பாடமாக இருக்காது.